பெயரறிந்த புனிதரும் பெயரறியாப் புனிதரும்

கத்தோலிக்கத் திருச்சபை புனிதர் பட்டம் வழங்குகையில் ஒருவரிடம் இல்லாத தூய்மையை உண்டாக்குவதில்லை. இருந்ததையே உறுதிசெய்து அறிவிக்கிறது. 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம், 2022 மே 15அன்று புனிதராக அறிவிக்கப்பெற்றார். இடைப்பட்ட 270 ஆண்டுகளில் அவரது தூய்மை குறைந்திருந்ததெனக் கூறவியலாது. எனவே அறிவிப்பு வாழ்வோரின் அறிவைப் பெருக்குவதேயன்றி, மறைந்தோரின் தகுதியைப் பெருக்குவதன்று.

அவ்வாறாயின், ஆவணமும் சான்றும் இன்றி மறைந்தோர் எத்துணையர்? அவர்களையும் உளப்படுத்தியே நவம்பர் 1ஆம் நாள் புனிதர் அனைவர் பெருவிழா கொண்டாடப்பெறுகிறது. அறியாதவரைப் போற்றுதல் வெற்றுரை ஆகாதா என்னும் வினா இங்கு எழும். போற்றப்படுவது பெயரன்று, வாழப்பட்ட அறமே. அவ்வறம் இன்னதென்பதைப் பெயரறிந்தோர் காட்டுகின்றனர். அது புகழை வேண்டாது நிற்கும் என்பதைப் பெயரறியாதோரே காட்டவல்லர்.