தடை நீங்கிய நாளில்

சட்டம் தடுத்த செயலிலிருந்து நாம் விலகி நிற்கிறோம். அவ்வாறு நிற்பது அடக்கமா, அச்சமா? தடை இருக்கும்வரை இக்கேள்விக்கு விடை தெரிவதில்லை. தடை நீங்கிய நாளில் அது தெரிந்துவிடுகிறது.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் வடகிழக்கே தெற்கு ஹோல்ஸ்டன் என்றோர் ஆறு ஓடுகிறது. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1950-இல் அதன் குறுக்கே ஓர் அணையைக் கட்டி முடித்தது. நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து வெளிவரும் நீர் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். ஆனால் அதில் பிராணவாயு குறைவு. அக்குறையைப் போக்க 1991-இல் அணைக்குக் கீழே ஒரு தடுப்பணை அமைக்கப்பட்டது. நீர் அதன்மேல் வழிந்து விழும்போது காற்று அதில் கலக்கிறது. மனிதர் இவ்வாறு மாற்றியமைத்த அந்த ஆற்றில், ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட பழுப்பு டிரவுட் மீன் தானாகவே இனம் பெருக்கி வாழ்கிறது.

குளிர்காலம் நெருங்கும்போது பெண் மீன் ஆழமற்ற இடத்தை நாடும். வாலால் கூழாங்கற்களை விலக்கிக் குழி பறித்து, முட்டையிட்டு, மீண்டும் கற்களால் மூடும். அவ்வேளையில் மீன்கள் எளிதில் கண்ணில் படும், எளிதில் பிடிபடும். ஆகவே, முட்டையிடும் இரு பகுதிகளில் நவம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை மீன் பிடிக்கக் கூடாதென விதி செய்யப்பட்டது. பிப்ரவரி முதல் நாள் வந்ததும், மூன்று மாதம் காத்திருந்தவர்கள் தூண்டிலுடன் நீரில் இறங்கலாம்.

தடை குறித்த நாளில் முடிந்துவிடுகிறது. கற்களுக்கடியில் நிகழும் வளர்ச்சி அந்நாளில் முடிவதில்லை. முட்டை பொரியும் காலம் நீரின் குளிர்ச்சியைப் பொறுத்தது. பிந்தி இட்ட முட்டைகள் அன்று பொரியாமலிருக்கலாம். பொரிந்த குஞ்சுகளும் கருவுணவுப் பையுடன் சில வாரங்கள் கற்களிடையே தங்கியிருக்கும். அங்கே மனிதனின் கால் பட்டால் என்ன நேரும்? ராபர்ட்ஸ், ஒயிட் என்னும் இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 1992-இல் முடிவுகளை வெளியிட்டனர். பொரிவதற்குச் சற்று முன் ஒரே ஒருமுறை மிதித்தாலே 43 விழுக்காடு வரை அழிந்தன. வளர்ச்சிக் காலம் முழுவதும் நாள்தோறும் இருமுறை மிதித்தபோது 96 விழுக்காடு வரை அழிந்தன.

மீன் முட்டையிட்ட இடத்தில் புரட்டப்பட்ட கற்கள் சுற்றியுள்ள பாசி படிந்த கற்களைவிட வெளிறித் தெரியும். அதைக் கண்டறிந்து சுற்றிச் செல்பவர் உண்டு. கரையிலேயே நின்றுகொள்பவரும் உண்டு. அவ்வாறு செய்யச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. செய்ததைக் கண்டு பாராட்டுவாரும் இல்லை. காப்பாற்றப்பட்ட உயிர்களுக்கும் அது தெரியாது. மூன்று மாதம் வீட்டிலிருந்தபடியே மனத்தால் ஆற்றில் தூண்டில் வீசிக்கொண்டிருந்தவனும் சட்டத்தை மீறவில்லை. ஆயினும் இவ்விருவரின் அடக்கமும் ஒன்றல்ல.

முட்டைக்கு இரங்குகிறவன் வளர்ந்த மீனின் வாயில் முள்ளை மாட்டலாமா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பிடித்த மீனைத் திரும்ப நீரில் விட்டாலும், அது காயத்தோடுதான் போகிறது. அந்த முரண்பாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கருணை ஒருவனிடம் ஒரே நாளில் நிறைந்துவிடுவதில்லை. காலடிக்கு வந்த கவனம் ஒருநாள் தூண்டில் பிடித்த கைக்கும் வரக்கூடும். ‘இவ்வளவு போதும்’ என்று அது வழியிலேயே நின்றுவிடாதிருக்க வேண்டும்.

நமக்கும் இப்படிப்பட்ட பிப்ரவரி முதல் நாள் உண்டு. விரதம் முடிந்த மறுநாள் காலையில் நாக்கு எதைத் தேடுகிறது? மௌனம் முடிந்தபின் வாயிலிருந்து வரும் முதற்சொல் யாரைக் குறித்தது? மேலதிகாரியின் பார்வை அகன்றபின் கை என்ன செய்கிறது? விதி நம்மைச் சிறிது காலம் நிறுத்தி வைக்கிறது. அக்காலத்தில் மனம் பக்குவப்பட்டிருந்தால், விதி விலகிய பின்னும் கால் பார்த்தே அடியெடுத்து வைக்கும்.