நடுக்கத்தின் ஓரத்தில் ஒரு கோலம்

சுங்கைப்பட்டாணிக்கு அருகே நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் விடியுமுன்பே பெரட்டு கூடும். இருட்டில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டு நிற்பவர்கள், பேர் கூப்பிடத் தொடங்கியதும் வரிசையாகி ஒரே திசை பார்ப்பார்கள். ஒழுங்கு என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். அதே வேளையில் லயத்து வாசலில் பாட்டி குனிந்து சந்துப்புள்ளி வைத்துக்கொண்டிருப்பார். ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு புள்ளி. எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டு ஓடும் கோடு. அதுவும் ஓர் ஒழுங்குதான் என்பது விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. விளக்கியது ஒரு படிகம்.

ஜெராய் மலைப் பக்கம் சுங்கை பத்துவில் பழைய கடாரத்தார் இரும்பு உருக்கிய இடம் இருக்கிறது. உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழாய்கள் அங்கே குவியலாகக் கிடைத்தன. இரும்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு சின்னஞ்சிறு காந்த முள். சூடு 770 டிகிரி செல்சியசைத் தாண்டினால் முட்கள் திசை கலைந்து சிதறும். காந்தம் அந்த இரும்பைப் பற்றாது. ஆறினால் மறுபடி அணி சேரும். இந்த மாற்றத்துக்காக அணுக்களின் அடுக்கு மாறுவதில்லை. பார்க்கும் திசைதான் மாறுகிறது.

சிதறலும் வரிசையும் தவிர வேறொரு நிலையும் உண்டு. மாங்கனீசும் சிலிக்கனும் சேர்ந்த ஒரு படிகத்தை ஜெர்மானிய ஆய்வாளர்கள் மியூனிக் அருகே நியூட்ரான் கற்றையால் துழாவிப் பார்த்து 2009-இல் அதை அறிவித்தார்கள். முட்கள் சிறு சிறு சுழிகளாகத் திரும்பியிருந்தன. சுழிகளோ சந்துப்புள்ளிபோல், ஒன்றைச் சுற்றி ஆறாக அமர்ந்திருந்தன. ஸ்கிர்மியான் என்பது அந்தச் சுழியின் பெயர். ஒரு தலைமுடியின் அகலத்தில் சில ஆயிரம் அடங்கும். விளிம்பில் மேல்நோக்கும் முள், உள்ளே வரவர மெல்லச் சாய்ந்து, மையத்தில் தலைகீழாக நிற்கிறது. பக்கத்து முள்ளோடு எங்கும் முரண்டுவதில்லை. அதைவிடச் சற்றே திரும்புகிறது, அவ்வளவுதான்.

திருப்புவது எது? அந்தப் படிகத்தின் அடுக்கு, கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தோடு பொருந்தாதது. அந்தக் கோணல்தான் சுழியின் தாய்.

அந்தக் கோலம் எங்கே பிறக்கிறது என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். முட்கள் அணிசேரத் தொடங்குவது ஏறத்தாழ மைனஸ் 244 டிகிரியில். கோலம் விழுவது அதற்குச் சற்றே கீழே, ஒரு குறுகிய இடுக்கில். இன்னும் குளிர்வித்தால் மறைகிறது. புறக்காந்தம் குறைந்தால் முட்கள் புரியாகத் திருகிக்கொள்ளும். மிகுந்தால் பெரட்டு வரிசையாகிவிடும். அளவான காந்தம் வேண்டும். கூடவே இன்னும் அடங்காத வெப்பத்தின் நடுக்கமும் வேண்டும். அந்த நடுக்கம்தான் கோலத்தைத் தாங்குகிறது.

கண்மூடி உட்காரும்போதெல்லாம் என் மனம் நடுங்குவதை ஒரு குற்றமாகவே எண்ணியிருந்தேன். முற்றிலும் உறைந்த பிறகுதான் அமைதி வரும் என்று காத்திருந்தேன். இப்போது நடுக்கத்தோடேயே உட்காருகிறேன்.

சுழிக்குப் பெயர் தந்த டோனி ஸ்கிர்ம், 1962 முதல் 1964 வரை கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அணுக்கருவின் துகளையே புலத்தில் விழுந்த ஒரு முடிச்சாகக் கணக்கில் கண்டார். கயிற்றை விட்டால் முடிச்சுக்குத் தனிப் பொருள் இல்லை. ஆனாலும் நீவி அவிழ்த்துவிட முடியாது. 'நான்' என்று எனக்குள் இறுகியிருப்பதும் அத்தகையதோ?

கடைசிக் காலத்தில் பாட்டியின் விரல்கள் நடுங்கின. மாவு அங்கங்கே தடித்து விழும். "கோணினா என்னய்யா, கோடு வந்து சேர்ந்துச்சுல்ல?" என்பார். சேர்ந்திருக்கும், புறப்பட்ட இடத்திலேயே.