திறந்த மைக்கும் அடிக்காத மணியும்

ஓர் ஊரின் ஓசையை வானொலி வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோனால், அங்கே கேட்பது அதே ஓசைதானா? அந்த ஓசை வழிபாட்டுக்குரியது என்றால் இது சமயக் கேள்வியும் ஆகிவிடுகிறது. பெரிய நிலையங்களைச் சாராத ஒலிக்கலைஞர்கள் இதைச் செய்தே பார்க்கிறார்கள். லண்டனின் சவுண்ட்கேம்ப் குழு 2014 முதல் மே மாதத் தொடக்கத்தில் நடத்திவரும் ‘ரெவேய்’ ஒலிபரப்பு, பூமியைச் சுற்றிவரும் விடியலை ஒரு முழு நாள் பின்தொடர்கிறது. பல நாடுகளில் ஜன்னலோரத்திலும் தோட்டத்திலும் திறந்து வைத்த மைக்குகளின் நேரலை, ஒன்று மாற்றி ஒன்றாக வந்துகொண்டிருக்கும். பறவையோ லாரியோ ஆலய மணியோ, எதற்கும் தனிச்சலுகை இல்லை.

அதே ஓசைதானா என்ற இந்த வழக்கு இந்தியத் தத்துவ மரபில் பழையது. ஒலி பிறந்து அழிவது என்பது நியாய நெறியினரின் கட்சி. குளத்தில் அலை அடுத்த அலையை எழுப்புவதுபோல ஓர் ஒலி அடுத்ததைப் பிறப்பிக்கிறது. காதுக்கு எட்டுவது அந்த வரிசையின் கடைசி ஒலிதான். அப்படியானால் மணியடியில் நிற்பவரும் ‘மூல’ ஒலியைக் கேட்பதில்லை. வானொலியை மட்டும் குறைசொல்ல வழியில்லை. மீமாம்சகர் சொல்லை நித்தியம் என்றார்கள். ஆனால் அந்தப் பெருமை எழுத்தொலிக்கே உரியது, மணியோசைக்கு இல்லை. சமணர்களுக்கு ஒலி பருப்பொருளே. சமணரான பவணந்தியின் நன்னூலும் எழுத்தொலியை அணுத்திரளிலிருந்தே பிறப்பிக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபை கேள்வியை வேறு பக்கமிருந்து அணுகியது. மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலி 1931இல் தொடங்கியது. ‘ஊருக்கும் உலகுக்கும்’ என்று திருத்தந்தை வழங்கும் ஆசீரை வானொலியில் பக்தியோடு கேட்பவர்களுக்கும் பரிபூரண பலன் உண்டு என 1939இல் ஏற்கப்பட்டது. ஆனால் வானொலியில் பூசை கேட்டால் ஞாயிறு கடன் தீராது. தொலைபேசியில் பாவசங்கீர்த்தனமும் செல்லாது. ஆசீர் தூரம் தாண்டும், அருட்சாதனம் தாண்டாது என்பதே இந்தப் பிரிவினை. ஒலியின் இயல்பை விட்டு, கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்கும் இந்த வழி, நியாய நெறியினரின் வாதத்தைவிட நடைமுறைக்கு நெருக்கமானது.

கேட்பவரின் இடத்தைப் பார்க்கும் இந்த வழிக்குப் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர் நல்ல சோதனைக்களம். இயேசு சபையினரின் மதுரை மிஷனுடைய பழைய தலங்களில் ஒன்று. இன்றுள்ள ஆலயம் 1747இல் கட்டப்பட்டது. வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர். ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா நாடகமும் தேரும் பெயர்பெற்றவை. கத்தோலிக்க வழிபாட்டில் பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ கீதத்தோடு ஒலிக்கும் மணி, அதன்பின் ஈஸ்டர் திருவிழிப்பு வரை அடிக்காது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவது வழக்கம்.

ரெவேய் நடக்கும் மே மாதத்துக்குள் பெரிய வாரம் முடிந்திருக்கும். இருந்தாலும் பெரிய வெள்ளியன்று ஆவூரில் ஒரு மைக் திறந்திருப்பதாகக் கொள்ளலாம். கட்டைச் சத்தம், காக்கை, பேருந்து எல்லாம் தெளிவாகப் போய்ச் சேரும். அடிக்காத மணி மட்டும் போகாது. ஊரில் இருப்பவருக்கு அந்த மௌனம் துக்கம். வெளிநாட்டில் கேட்பவருக்கு அங்கே மணி என்று ஒன்று இருப்பதே தெரியாது. 4 நிமிடம் 33 விநாடி எதுவும் வாசிக்காமலே நிகழும் இசையமைப்பாளர் ஜான் கேஜின் படைப்பு 1952இல் அரங்கேறியபோது, எதிரே பியானோவாவது தெரிந்தது. மைக்குக்கு அந்த வசதியும் இல்லை.

அறிவிப்பாளர் ஒரு வரி சொன்னால் தீரும் சிக்கல்தான். மணிலாவிலிருந்து 2018 வரை சிற்றலையில் தமிழ் பேசிய வேரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலி அப்படிப்பட்ட சொல்லை நம்பியே நடந்தது. திறந்த மைக்கின் கலை முடிந்தவரை தவிர்க்கப் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான்.