வாங்குபவன் வேறு, வாசிப்பவன் வேறு

நல்ல டபுள் பாஸ் எது என்று கண்டுபிடிக்க நல்ல காது வேண்டும். அந்தக் காது, ஏதோ ஒரு பாஸை ரெண்டு மூணு வருஷம் வாசித்த பிறகுதான் வரும். அப்படியென்றால் முதல் பாஸை யார் தேர்ந்தெடுப்பது? பிளேட்டோவின் ‘மேனோ’ உரையாடலிலும் ஏறக்குறைய இதே கேள்வி வருகிறது: அறியாத ஒன்றை எப்படித் தேடுவது, கிடைத்தாலும் அதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அங்கே அது அறிவைப் பற்றிய புதிர். எனக்கோ இதில் ஒரு வருஷச் சேமிப்பும் சேர்ந்திருக்கிறது.

தொழில் புத்தி, உடனே ஒரு எக்செல் ஷீட் திறந்துவிட்டேன். அளவு 3/4. பேரைப் பார்த்து அரைகுறை என்று நினைக்க வேண்டாம், பெரியவர்கள் வழக்கமாக வாசிப்பதே அதுதான். அடுத்து உடல்: பிளைவுட்டா, முழு மரத்தில் செதுக்கியதா? செதுக்கியதன் ஒலி செழிப்பு, விலையும் அப்படியே. ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடும். காற்று வறண்டால் அந்த மரம் விரிசல் விடலாம். பிளைவுட் அவ்வளவு சீக்கிரம் அசராது. அதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் அமெரிக்காவில் கே நிறுவனம் 1930களின் பிற்பகுதியிலிருந்து செய்த பிளைவுட் பாஸ்களை வைத்துத்தான் எத்தனையோ ப்ளூகிராஸ், ஜாஸ் கலைஞர்கள் பிழைத்தார்கள்.

ஷீட்டில் ஏறாத விஷயம் செட்டப். பிரிட்ஜ் எவ்வளவு உயரம், தந்தி விரற்பலகையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, பலகை நிஜக் கருங்காலியா, கறுப்புச் சாயமா. அப்புறம் சவுண்ட் போஸ்ட். கருவிக்குள்ளே பசையில்லாமல், வெறும் அழுத்தத்தில் நிற்கிற மரத்தண்டு. பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் அதற்கு ‘ஆன்மா’ என்றே பெயர். கொஞ்சம் நகர்த்தினாலே ஒலி மாறிவிடும்.

“முதல்ல சும்மா மலிவா ஒண்ணு வாங்கு, பிடிச்சா அப்புறம் பாத்துக்கலாம்” என்கிறார்கள். விவேகமாகத்தான் தெரிகிறது. ஆனால் தந்தி எட்டாத உயரத்தில் நிற்கும் ஒரு கருவியோடு மூன்று மாதம் மல்லுக்கட்டுகிறவன், ‘எனக்கு இது வராது’ என்றுதான் முடிவுகட்டுவான். கருவியைச் சந்தேகிக்கிற அறிவு இன்னும் அவனுக்கு வரவில்லை. தன்னைச் சந்தேகிக்க எந்த அறிவும் தேவையில்லை. ‘விட்டாலும் விட்டுடுவேன்’ என்று கணக்குப்போட்டு வாங்கியவனே அவனை விடவும் வைக்கிறான். இருவரும் நான்தான் என்பதால் இது அநியாயம் இல்லையென்று ஆகிவிடுமா? ‘இவ்வளவு கொட்டிட்டோமே’ என்று நாளைய என்னைக் கட்டிப்போட விலையுயர்ந்ததை வாங்குவதும் அதே ரகம்தான். வாடகைக்கு எடுப்பது கொஞ்சம் நியாயமான வழி. இங்கே பல பட்டறைகளில் கிடைக்கிறது. ஆனால் வாடகைக்கும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டுமே.

ஊரில் முதல் மாடு வாங்கப் போகிறவன், சுழி பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போவான். நானும் என் ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன். அவர் ஒவ்வொன்றாக வாசிப்பார், நான் பத்தடி தள்ளி நின்று கேட்பேன். வாசிப்பவர் காதில் விழுவது ஒன்று, தள்ளி நிற்பவருக்கு வேறொன்று. ஒரு வித்தியாசம் மட்டும் உறுத்துகிறது. பெரியவர் பார்த்துக் கொடுத்த மாடு, வாங்கியவன் கண்ணை மாற்றிவிடாது. இவர் தேர்ந்தெடுக்கும் பாஸோ என் காதையே உருவாக்கப்போகிறது. நாலு வருஷம் கழித்து ‘சரியாத்தான் தேர்ந்தெடுத்தோம்’ என்று நான் சொன்னால், அந்தத் தீர்ப்பைச் சொல்வதும் அந்த பாஸ் வளர்த்த காதுதான்.

சனிக்கிழமை கடைக்குப் போகிறோம். செட்டப் கூலி விலையில் சேர்ந்ததா என்று முதலில் கேட்கச் சொல்லியிருக்கிறார்.