உண்பதும் பகிர்வதும்



ஹிஜ்ரி 505-இல் மறைந்த ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தங்களுடைய இஹ்யா உலூமித்தீன் கிரந்தத்தின் மூன்றாம் பாகத்தை, மனிதனை அழிவில் தள்ளும் குணங்களுக்காகவே ஒதுக்கியிருக்கிறார்கள். அதிலே வயிற்றின் ஆசையையும் உடலின் இச்சையையும் அடக்குவது ஒரு பாடம். அது முடிந்த கையோடு, நாவின் தீமைகளைப் பற்றிய பாடத்தைத் தொடங்குகிறார்கள். உணவு உள்ளே போவதும் பேச்சு வெளியே வருவதும் ஒரே வாய் வழியாகத்தானே! ஒன்றைத் திறந்து போட்டுவிட்டு மற்றதற்கு மட்டும் பூட்டுப் போட முடியாது. இமாம் அவர்களின் காலத்தில் நாவுக்குத் துணை நாவுதான். இன்றோ கட்டைவிரல் என்று ஒரு கூட்டாளி அதற்குக் கிடைத்திருக்கிறது.

நம் வீடுகளில் இஷாவுக்குப் பின் சுப்ரா விரித்து உட்காருகிறோம். பிள்ளையின் வலக்கை சோற்றைப் பிசைகிறது. இடக்கை போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. வாப்பாவின் கண்ணும் போனில்தான். உம்மா பரிமாறியது மீன் ஆணமா, பருப்பு ஆணமா என்று கேட்டால் பதில் சொல்ல இருவரும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். பிஸ்மில்லாஹ் சொன்னோமா என்பது அதைவிடப் பெரிய சந்தேகம்.

மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை அடிக்கடி பயானில் கேட்டிருப்பீர்கள். முதுகை நிமிர்த்தச் சில கவளங்கள் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்பது நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. இந்தப் பங்கீட்டைச் செய்ய வேண்டுமானால், தான் உண்டுகொண்டிருக்கிறோம் என்பது உண்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? கண்ணையும் கருத்தையும் போனுக்குக் கொடுத்தவனுக்கு வயிறு நிறைந்த சேதி எப்படிப் போய்ச் சேரும்? சட்டி காலியான பிறகுதான் அவன் நிமிர்ந்து பார்க்கிறான்.

அண்ணலார் (ஸல்) அவர்களின் வீட்டிலே இரண்டு மாதத்தில் மூன்று பிறைகளைப் பார்த்தும் அடுப்பு மூட்டப்படாத நாட்கள் இருந்தன என்றும், பேரீச்சம்பழமும் தண்ணீருமே ஆகாரம் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரி மகன் உர்வா (ரஹ்) அவர்களிடம் சொன்னார்கள். ஒருமுறை நபியவர்கள் தொட்டுக்கொள்ள ஏதேனும் உண்டா என்று கேட்க, சிர்க்காவைத் தவிர ஒன்றுமில்லை என்றார்கள் வீட்டார். அதையே வரவழைத்து, எவ்வளவு நல்ல குழம்பு என்று புகழ்ந்து உண்டார்கள். எந்த உணவையும் அவர்கள் குறை சொன்னதில்லை. பிடித்தால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள்.

இப்போது நம் வீட்டைப் பார்ப்போம். முருங்கைக்கீரை ஆணமும் கேழ்வரகுக் கூழும், காலையில் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு பழைய சோறும் உண்டு நம் பாட்டன்மார் வயல் வேலையும் கடல் வேலையும் பார்த்தார்கள். பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் போட்டுக் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைப் போல், காலியாய்க் கிடந்த வயிற்றுக்கு இதமானது எது? ஆனால் போனில் மணிக்கொரு தரம் நெய் சொட்டும் தட்டைப் பார்த்த பிள்ளைக்குக் கீரை ஆணம் கசக்கிறது. ஏமனிலிருந்து வந்த மந்திச் சோற்றை உண்பதே ஏதோ சுன்னத்து என்று நினைக்கும் வாலிபர்களையும் காண்கிறோம். சிர்க்காவில் ரொட்டியைத் தொட்டுத் தின்ன எந்தக் கடை வாசலிலும் வரிசை நிற்கக் காணோம்!

அடுத்ததாக, இந்தப் பகிர்வு. போனிலே ‘பகிர்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்த பகிர்வு வேறு. ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டிவிட்டு, அண்டை வீட்டாருக்கும் கொஞ்சம் கொடு என்பதே அது. அன்று சட்டியின் வாசனை ஒரு சுவரைத்தான் தாண்டியது. தாண்டிய வீட்டுக்கு ஒரு கரண்டி ஆணமும் போனது. இன்று இஃப்தார் தட்டின் படம் ஸ்டேட்டஸில் ஏறி இருநூறு வீடுகளுக்குப் போகிறது. கூடவே ஒரு கரண்டியும் போவதில்லை. அந்த இருநூறில் வேலை போனவர் வீடு இருக்கும். கணவனை இழந்து இத்தாவில் இருப்பவள் வீடு இருக்கும். படம் போடுவதே ஹராம் என்று நாம் ஃபத்வா கொடுக்க வரவில்லை. போடுகிறவர் முதலில் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் அனுப்பிவிட்டுப் போடட்டும் என்கிறோம். அனுப்பியவருக்குப் பெரும்பாலும் படம் போடும் ஆசை வராது.

போன் வழியாக நாம் உண்ணும் வேறோர் உணவும் உண்டு. புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பாக்கி ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் எச்சரிக்கிறது. வாட்ஸ்அப்பில் உறவினர் குழு ஒன்று. அதிலே ஒரு மச்சியை மட்டும் விட்டுவிட்டு இன்னொரு குழு! இரண்டாவது குழுவில் என்ன பரிமாறப்படுகிறது என்பது அதிலிருப்பவர்களுக்குத் தெரியும். ஒட்டகக் கறி உளூவை முறிக்குமா என்று நம்மிடம் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறவர்கள், இந்தக் கறியைப் பற்றி மட்டும் கேட்பதே இல்லை.

அதே அத்தியாயத்தின் 6-ஆம் வசனம், தீயவன் ஒருவன் சேதி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னால் வருந்த நேரும் என்று கட்டளையிடுகிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி, வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி உலாவிய நேரம். கூட்டம் கூடி அவரை அடித்தே கொன்றுவிட்டது. மிட்டாயைப் பகிர்ந்தவர் மாண்டுபோனார். பொய்யைப் பகிர்ந்தவர்களில் எத்தனையோ பேர் அன்றிரவும் சோறுண்டு உறங்கியிருப்பார்கள். இப்படிப் பல ஊர்களில் நடந்த பிறகு, அவ்வாண்டு ஜூலையில் அந்த நிறுவனமே இந்தியாவில் ஒரு சேதியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி தடை போட்டது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற நபிமொழியை நாம் ஏற்றிருந்தால், அந்தத் தடைக்கே வேலை இருந்திருக்காது.

உணவைப் பற்றிய பொய்களோ இன்னும் அதிகம். கத்தரிக்காயை என்ன நோக்கத்தோடு உண்டாலும் அது நிறைவேறும் என்று ஒரு ‘ஹதீஸ்’ ஒரு காலத்தில் உலாவியது. ஹிஜ்ரி 751-இல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) முதலான அறிஞர்கள் அது இட்டுக்கட்டப்பட்டது என்று அம்பலப்படுத்தினார்கள். இன்று கத்தரிக்காயின் இடத்தில் ஏதாவதொரு இலை, ஒரு விதை. கீழே ‘நபி மருத்துவம்’ என்று ஒரு முத்திரை. அதை நம்பிச் சர்க்கரை வியாதிக்காரர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். காலில் புண் வந்த பிறகு துஆச் செய்யச் சொல்லி நம்மிடம் வருகிறார். நோய்க்கு மருந்தையும் இறைவன் இறக்கியிருக்கிறான், சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று சொன்ன நபியின் பெயராலேயே சிகிச்சையை நிறுத்துவதா? அவர்கள் மீது வேண்டுமென்றே பொய் சொல்பவனின் இருப்பிடம் நரகம் என்ற எச்சரிக்கை, கட்டைவிரலால் சொல்பவனுக்கும் உண்டு. ‘எனக்கு வந்தது, அப்படியே அனுப்பினேன்’ என்பது ஜவாபாகாது.

உண்கிறோம், வயிறு நிறையவில்லையே என்று தோழர்கள் முறையிட்டபோது, தனித்தனியாக உண்கிறீர்கள் போலும்; சேர்ந்து உண்ணுங்கள், அல்லாஹ்வின் பெயர் கூறுங்கள், பரக்கத்துச் செய்யப்படும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூதில் வருகிறது. ஒரே ஸஹனைச் சுற்றி உட்கார்ந்தும், ஆளுக்கொரு போனைப் பார்த்தால் அது தனித்தனியாக உண்பதுதான். சுப்ரா விரிக்கும்போதே எல்லாருடைய போனையும் வாங்கி அலமாரியில் வைக்கும் பொறுப்பை வீட்டின் சின்னப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். வாப்பாவிடமிருந்து வாங்கும்போது அதற்கு இருக்கும் மகிழ்ச்சி தனி!

‘உண்ணும் நேரத்தில் ஸலாம் சொல்லிச் சேதி வந்தால் பதில் சொல்வது வாஜிபாயிற்றே?’ என்று சிலர் கேட்கிறார்கள். வாயில் கவளம் இருப்பவருக்கு நேரில் ஸலாம் சொன்னாலே அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அல்அத்காரில் எழுதியிருக்கிறார்கள். எழுத்தில் வந்த ஸலாத்துக்கோ, அதைப் படிக்கும்போதுதான் பதில் கடமையாகிறது. அலமாரியில் இருக்கும் போனை யாரும் படித்துவிடவில்லை. ஆகவே உண்டு முடித்து, விரல்களைச் சூப்பி, கை கழுவி, அல்ஹம்துலில்லாஹ் சொன்ன பிறகு எடுத்துப் படித்து, நிதானமாகப் பதில் எழுதலாம்.