தன்னைத் தானே வியத்தல்

தாழ்த்திப் பார்க்கப் பிறர் ஒருவர் இருந்தால்தான் ‘கிப்ர்’ எனும் பெருமை எழும். ‘உஜ்பு’ எனும் தன்வியப்புக்கோ எவரும் வேண்டியதில்லை. கிடைத்த அருளை மெச்சி, அருளியவனை மறந்தாலே போதும். இவ்வாறு பிரித்துரைத்தார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

இதனோடு நெருங்கிய ஒரு நிலையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் ஆளுமைக் கோளாறாகப் பட்டியலிட்டது. பிறவி இயல்போடு வளர்ப்பும் அதற்கு வித்தாகலாம் என்பர். 2015-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்று 565 சிறுவரைத் தொடர்ந்து நோக்கியது. ‘பிறரினும் மேலானவர்’ எனப் பெற்றோரால் உயர்த்தப்பட்டவரிடம் தன்வியப்பும், பரிவு பெற்றவரிடம் தன்மதிப்பும் வளரக் கண்டது.

அழகாக ஓதிய மாணவரிடம் ‘உன்னைப்போல் எவருமில்லை’ என்று நாமும் கூறியதுண்டு. அன்று ஊட்டியது அன்பன்று என இப்போது அஞ்சுகிறோம். ‘நன்றாக ஓதினாய்; அல்ஹம்துலில்லாஹ்’ என்றிருந்தால் பிள்ளையும் மகிழ்ந்திருக்கும்; அருளியவனும் மறக்கப்பட்டிரான்.