விடைபெறும் கண்கள்

பல ஆண்டுகள் வாழ்ந்த நாட்டை விட்டு நிரந்தரமாகப் புறப்படும் வேளையில், மனிதன் அந்நாட்டின் மலைகளையும் ஏரிகளையும் காணச் செல்கிறான். இது அந்த மண்ணின்மீது கொண்ட அன்பா? அல்லது கைநழுவப்போகும் ஒன்றைக் கண்களாலாவது பற்றிக்கொள்ளும் ஆசையா? 2010 முதல் 2017 வரை நியூஸிலாந்தில் பணியாற்றித் தாயகம் திரும்பிய அன்பர் ஒருவர் எழுப்பிய கேள்வி இது. 'ஏழாண்டுகள் கண்ணில் படாத அழகு கடைசி வாரத்தில் எப்படித் தெரிந்தது, சுவாமி? அது உண்மையான அன்புதானா?' என்றார் அவர்.

கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து குடும்பத்துடன் காரில் புறப்பட்ட பயணம் அது. சமவெளியைக் கடந்து, பர்க்ஸ் கணவாய் வழியே சென்றால் தெக்கபோ ஏரி. அதற்கப்பால் புகாகி ஏரி. பனியாறுகள் பாறையை அரைத்து உண்டாக்கும் மாவு போன்ற துகள்கள் நீரில் மிதப்பதால், இந்த ஏரிகள் பால் கலந்த நீலநிறத்துடன் விளங்குகின்றன. புகாகியின் கரையோரமாகச் சாலை வடக்கே திரும்பியதும் எதிரே நிற்கிறது, 3,724 மீட்டர் உயரமுள்ள அவொராகி எனும் மவுண்ட் குக் சிகரம். மறுநாள் அவர்கள் சுமார் 2,200 படிகள் ஏறி, சீலி டார்ன்ஸ் எனப்படும் மலைக்குட்டைகள்வரை சென்றனர். பனிச்சரிவுகளைப் பார்த்தபடி நெடுநேரம் யாருமே பேசவில்லையாம். அதே சாலையில் அன்பர் முன்பே இருமுறை சென்றதுண்டு. இரண்டும் அலுவலக வேலையாக.

அவரது கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது. பயன் கருதும் மனத்திற்குச் சாலை என்பது தூரம், மலை என்பது தடை, மழை என்பது தாமதம். புறப்படும் நாள் முடிவானதும் அந்நாட்டிடம் பெற வேண்டியது ஒன்றும் இல்லாமல் போகிறது. கணக்குப் பார்த்த கண் காணத் தொடங்குகிறது. அழகை நுகரும் இன்பத்தில் சுயநலத் தேட்டம் கலப்பதில்லை என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் 1790-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். (பனிமூடிய சிகரங்களின் மாண்பைப் பற்றியும் எழுதிய அவர் ஆல்ப்ஸ் மலையை ஒருபோதும் நேரில் கண்டதில்லை. தம் ஊர்ப்பக்கத்தை விட்டு அதிகம் நகராதவர் அவர்.)

ஆயினும் இந்த விளக்கத்துடன் நிறைவடைந்துவிட முடியாது. பயனிலிருந்து விடுபட்ட பார்வை, பல சமயங்களில் கடமையிலிருந்தும் விடுபட்ட பார்வையாக இருக்கிறது. மலை நம்மிடம் எதையும் கேட்பதில்லை. நாம் போவதால் அது வருந்துவதும் இல்லை. ஆதலால் மலையிடம் விடைபெறுவது எளிது.

2011 பிப்ரவரி 22 அன்று கிறைஸ்ட்சர்ச்சில் நிகழ்ந்த நிலநடுக்கம் 185 உயிர்களைப் பறித்தது. குழாயில் நீர் வராத அந்த நாட்களில் பக்கத்து வீட்டு முதிய தம்பதியர் தங்களிடமிருந்த குடிநீரில் பாதியை அன்பரின் குடும்பத்திற்கு அளித்தனராம். 'கடைசி வாரத்தில் அவர்களுடன் எவ்வளவு நேரம் இருந்தீர்கள்?' என்று கேட்டேன். சற்று மௌனமாக இருந்துவிட்டு, 'அரைமணி நேரம். மலைக்கு மூன்று நாட்கள்' என்றார். மலையில் அவர் உணர்ந்த இன்பத்தை நான் போலி என்று கூறவில்லை. அது தூயதுதான். ஆனால் பட்ட கடனை நினையாத தூய்மை அது. அதற்கு அன்பு என்ற பெயரை அவ்வளவு விரைவில் தந்துவிடலாகாது என்பதே என் கருத்து.

மலையையே உறவாகக் கொண்டவர்களிடம் இந்தப் பிரிவினை இல்லை. நியூஸிலாந்தின் பூர்விகக் குடிகளான மாவோரிகள் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும்போது, தம் பெயருக்கு முன்பாகத் தம் மலையின் பெயரையும் ஆற்றின் பெயரையும் கூறும் மரபினர். தென்தீவின் ஙாய் தாஹு குலத்தாருக்கு அவொராகி ஒரு மூதாதை. வானத் தந்தையின் மைந்தனான அவனும் சகோதரர்களும் வந்த ஓடம் தரைதட்டிச் சாய்ந்தது. அதன்மேல் ஏறி நின்றவர்கள் குளிர்காற்றில் உறைந்து மலைகளாயினர் என்கிறது அவர்களது புராணக் கதை. கைவிட்டுப்போன நிலங்களுக்காக அந்தக் குலத்தார் நீண்டகாலம் வழக்காடினர். 1998-இல் இயற்றப்பட்ட உடன்படிக்கைச் சட்டம் அவொராகியின் உரிமையை அவர்களுக்குத் திருப்பி அளிக்கவும், அதை அவர்கள் நாட்டு மக்கள் அனைவருக்கும் கொடையாகத் தந்துவிடவும் வகை செய்தது. எவரிடம் இழந்தார்களோ, அவர்களையும் உள்ளடக்கிய மக்களுக்கே கொடை!

தமக்கென்று அவர்கள் கேட்டுக்கொள்வது மிகச் சிறியது. அச்சிகரத்தின் உச்சியை மனிதர் முதன்முதலில் எட்டியது 1894 டிசம்பர் 25 அன்று. இன்று ஏறிச் செல்வோரிடம், மூதாதையின் தலைமீது கால் வைக்க வேண்டாம், உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுங்கள் என்று வேண்டுகிறார்கள். தடுக்க அங்கே காவலர் யாரும் இல்லை. இத்தனை உயரம் ஏறி வந்தவன், எஞ்சியிருக்கும் அந்தச் சில அடிகளை என்ன செய்வது என்று தானே முடிவு செய்ய வேண்டும்.